முத்தும் போலியும்: தமிழ்நாட்டு மணிப்பரீட்சையின் வரலாறு

நிலமும் வீடும் பெரும்பாலும் ஆடவர் பெயரால் எழுதப்பெற்ற காலத்தும், பெண்மக்கள் தமதென்று சொல்லிக்கொள்ள உரிமையாய் நின்ற பொருள் அணிகலனே. அதனை நம் முன்னோர் ஸ்திரீதனம் என வழங்கினர். தாயினிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் அது கைமாறி வரும். அதிலுள்ள பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்றுக் காணலாம். முத்தும் மணியுமோ அத்துணை எளிதில் தம் உண்மையைக் காட்டா. ஆதலின் அவற்றின் மெய்யும் பொய்யும் தேறும் வித்தை நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது, இற்றைநாளில் அஃது எந்நிலை எய்தியுளது, நம் குடும்பங்கள் செய்யற்பாலது யாது என்பவற்றை நம் சங்கத்து அன்பர்முன் வைத்தலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

கேளம்பாக்கமும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் நெடுங்காலமாக உப்பளங்களாற் பெயர் பெற்றவை. நம் பக்கத்துக் கடல் நமக்கு உப்பைத் தந்தது, முத்தைத் தந்திலது. முத்துப் பார்கள் தெற்கே மன்னார் வளைகுடாவில் உள்ளன. எனினும் முத்தில்லாத கரையிலும் முத்துமாலைக்குக் குறைவில்லை. திருமணம் கைகூட வேண்டிக் கோவளத்தையடுத்த திருவிடந்தைக்குச் செல்வோர் இன்றும் பலர்; மணம் கூடியபின் அவர்கள் செல்லும் அடுத்த இடம் நகைக்கடையேயாம். முத்து விளையாத ஊரார் முத்தை வாங்கும்போது விற்பவன் சொல்லையே நம்ப வேண்டியிருக்கின்றது. அச்சொல் மெய்யாயின் நன்று. பொய்யாயின் அதன் கேடு ஒரு தலைமுறை கழித்தே வெளிப்படும்.

சிலம்பின் பரல்

அணிகலனுள் இருப்பது இன்னதென்று தேறாமையால் விளைந்த பெருங்கேட்டைத் தமிழர் எவரும் அறிவர். சிலப்பதிகாரக் கதை முழுவதும் ஒரு சிலம்பின் உள்ளிருந்த பரலைப் பற்றியே திரும்புகின்றது. பாண்டிமாதேவியின் சிலம்பிற் பரலாக இடப்பெற்றவை முத்துக்கள். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். புறத்தோற்றத்தில் இரண்டும் ஒத்திருந்தமையின், கோவலனைக் கள்வனென்று சொல்லிய சொல் பரீட்சையின்றியே ஏற்கப்பட்டது. உடைத்துப் பார்த்தபோது மாணிக்கம் தெறித்தது. ஆயின் அதற்குள் ஓருயிர் போயிற்று. முன்னரே ஒருவர் அச்சிலம்பைப் பரிசோதித்து, அதன் உள்ளீட்டை எழுதி வைத்த ஏட்டோடு ஒப்பிட்டிருப்பாராயின் அப்பழி நேர்ந்திராது.

அக்காப்பியத்திலேயே மதுரை நகரத்து இரத்தினக் கடைத்தெரு விரிவாகச் சொல்லப்படுகின்றது. வயிரத்தினிடத்துக் காக்கைக்கால் போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு என்னும் நான்கு குற்றங்களும் ஆங்குக் குறிக்கப்படுகின்றன. முத்துக்குக் காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் குற்றம் உண்டாம் என்பதும் கூறப்படுகின்றது. குற்றத்திற்குத் தனித்தனிப் பெயர் வைத்து வழங்கிய மக்கள், அக்குற்றங்களைக் கண்ணாற் கண்டு பழகியவர்களாதல் வேண்டும் என்பது வெளிப்படை.

கொற்கையும் கோசமும்

பாண்டியர் துறைமுகமாகிய கொற்கை பொருநையாற்றின் கழிமுகத்தில் இருந்தது. கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூசு என்னும் கடற்பயண நூல், இக்கொற்கையிலே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிப்பித்தனர் என்று சொல்கின்றது. ஆழ்கடலில் மூச்சடக்கி இறங்குதல் உயிருக்கு உறுதியில்லாத தொழில். அதனாலேயே அப்பணி தண்டனையாக வைக்கப்பட்டது போலும்.

கௌடலீயர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரத்தில், அரசன் கோசத்திற்குள் ஏற்கத்தக்க இரத்தினங்களைப் பரீட்சித்தற்கென்றே ஒரு பகுதி வகுக்கப்பட்டுள்ளது. அந்நூல் முத்துக்களைப் பிறப்பிடம்பற்றி எண்ணுங்கால் தாம்பிரபரணி முத்தையும் பாண்டிய கவாட முத்தையும் தொடக்கத்திலேயே வைக்கின்றது. பருமையும் உருட்சியும் வெண்மையும் ஒளியும் கனமும் வழவழப்பும் உடையதாய், துளை தக்க இடத்தில் அமைந்ததே நல்முத்தாம். பயறுபோற் சப்பையானது, ஆமைமுதுகு போன்றது, அரைமதி போன்றது, இரண்டு ஒட்டிப் பிறந்தது, சொரசொரப்பானது, தவறாகத் துளையிடப்பட்டது ஆகியவை தள்ளத்தக்கன.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. இக்குற்றங்கள் யாவும் இயற்கை முத்தின் குற்றங்களே. அந்நாளைய பரீட்சகன் தன்முன் இருப்பது முத்தா அன்றா என்று ஐயுற்றதினும், எத்தரத்து முத்து என்பதையே மிகுதியும் ஆராய்ந்தான்.

தஞ்சைக் கல்வெட்டு

நிற்க. பரீட்சையில் கண்டதை மறைக்காது எழுதி வைக்கும் முறைக்குத் தமிழ்நாட்டில் தலைசிறந்த சான்று தஞ்சைப் பெரிய கோயிலே. கி. பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசனும், அவன் தமக்கை குந்தவையாரும், தேவியரும் அக்கோயிலுக்கு அளித்த அணிகலன்கள் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. ஹூல்ச் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் அவற்றைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியிற் பதிப்பித்தார்.

அப்பட்டியலைப் படிக்கப் புகுவோர் வியப்படைவர். ஒரு மாலையில் முத்து இத்தனை என்று எண் கூறுவதோடு அஃது அமையவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி என முத்தின் வகைகள் பிரித்துரைக்கப்படுகின்றன. அனுவட்டம் என்பது முழுவட்டத்திற் சற்றே குறைந்தது. கறடு என்பது கரடுமுரடானது. இரட்டை என்பது ஒட்டிப் பிறந்தது. நிறத்திலும் குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வேறுபாடு காட்டப்படுகின்றது. 'நீர்' என்பது முத்தின் உள்ளொளிக்கு நம் முன்னோர் இட்ட பெயர்; 'நீரோட்டம் உள்ள முத்து' என்னும் வழக்கு இன்றும் உண்டு.

எடையிலும் அவ்வாறே. பொன்னை நிறுத்தற்கு 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய எடைக்கல்லும், இரத்தினங்கள் பதித்த அணிகலன்களை நிறுத்தற்குத் 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் பெயருடைய எடைக்கல்லும் வழங்கின. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அளவுகளில் எடை கணிக்கப்பட்டது. கல்லைப் பொன்னில் நிறுத்தற்கு இட்ட அரக்கு எடையிற் சேர்ந்திருக்குமாயின், அரக்கு உட்பட இவ்வளவு என்று வெளிப்படையாக எழுதினர். பளிங்கு பதித்த இடத்தில் பளிங்கு என்றே எழுதினர். வயிரம் என்று எழுதினாரல்லர். அதன்மேல் அணிகலனின் மதிப்பு இத்தனை காசு என்பதும் குறிக்கப்பட்டது.

மன்னர்மன்னன் கொடுத்த கொடையிலே 'கறடு' என்றும் 'சப்பத்தி' என்றும் எழுதுதல் அவன் பெருமைக்குக் குறைவென்று அக்காலத்து அதிகாரிகள் கருதவில்லை. உள்ளதை உள்ளவாறே எழுதினாலன்றி, பின்னொருநாள் நல்முத்தை எடுத்துவிட்டுக் கறட்டு முத்தைக் கோத்து வைப்பாரைப் பிடித்தல் இயலாது என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். ஆயிரம் ஆண்டு கழிந்தும் அப்பட்டியல் நிற்கின்றது.

தூத்துக்குடிச் சல்லடை

பிற்காலத்தில் முத்து வாணிகம் தூத்துக்குடிக்கு மாறியது. முத்துக்குளிப்பு நடந்த பருவங்களில் ஆயிரக்கணக்கானோர் கரையிற் கூடுவர். ஆங்கு முத்தைத் தரம்பிரிக்க, துளைகள் இட்ட பித்தளைக் கிண்ணங்கள் பத்து வழங்கின. 20 துளையுள்ள கிண்ணத்தில் தொடங்கி 1000 துளையுள்ள கிண்ணத்தோடு அவை முடியும். துளை மிகுதோறும் அதன் வாய் சிறிதாகும். எக்கிண்ணத்தில் முத்து தங்குகின்றதோ அதுவே அதன் அளவு. அளவு கண்டபின் உருவும் நிறமும் நோக்கி, ஆணி முதல் தூள் வரை பெயரிட்டுப் பிரிப்பர். இன்றும் உயர்ந்ததொன்றை 'ஆணிமுத்து' என்று நாம் சொல்வது இவ்வாணிகத்தாரிடமிருந்து வந்த சொல்லே.

முத்தின் விலையைச் 'செவ்வு' என்னும் கணக்கால் தீர்மானித்தனர். அதன் சாரம் யாதெனில், எடையின் வர்க்கத்திற்கேற்ப மதிப்பு ஏறும் என்பதே. ஒரே தரத்து முத்து இரண்டில் ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்கு எடையுடையதாயின், அதன் மதிப்பு நான்மடங்காம். பெருமுத்து அரிது, அருமைக்கே விலை. பருத்த முத்தைப் பொய்யாகச் செய்வதில் ஊதியம் மிகுதி என்பதும் இதனாலேயே விளங்கும்.

சென்னையில் முத்தியால்பேட்டை என்னும் பெயரும் பவளக்காரத் தெரு என்னும் பெயரும் இவ்வாணிகத்தின் அடையாளங்களே. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மத்தியதரைக் கடற்பவளத்தைக் கொணர்ந்து விற்று, கோல்கொண்டா வயிரத்தை வாங்கிச் சென்ற யூத வணிகர் அந்நகரில் வாழ்ந்தனர். 1688-இல் அமைந்த சென்னை நகரசபையில் அவருள் மூவர்க்கு இடமும் அளிக்கப்பட்டது. வாணிகம் பெருகிய இடத்தே பிறநாட்டுப் பொருளும் போலியும் உடன்வருதல் இயல்பு.

போலி முத்தும் வளர்ப்பு முத்தும்

பதினேழாம் நூற்றாண்டில் பாரீஸ் நகரத்து ஜாக்கேன் என்பவன், ஒருவகைச் சிறு மீனின் செதிலிலிருந்து எடுத்த வெள்ளிநிறச் சாந்தை உள்ளீடற்ற கண்ணாடிமணியின் உட்புறத்திற் பூசி, மெழுகால் நிரப்பி முத்துப்போற் செய்தான். இன்று கண்ணாடியின் மேலும் பிளாஸ்டிக்கின் மேலும் பூச்சிட்டு வரும் மணிகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே. இவையே போலி முத்துக்கள். இவற்றிற் சிப்பியின் செயல் சிறிதும் இல்லை.

இதனின் வேறானது வளர்ப்பு முத்து. ஜப்பானியராகிய மிகிமோடோ கோகிச்சி 1893-இல் சிப்பிக்குள் கருவொன்றை வைத்து அரைவட்ட முத்தை விளைவித்தார். பின்னர் முழுவட்ட முத்தும் விளைந்து, 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியச் சந்தைகளை எட்டியது. வணிகர் கலங்கினர். ஏனெனில், பல்லில் உரைத்தாலும் ஒளியில் நோக்கினாலும் அஃது இயற்கை முத்தினின்று வேறுபட்டுத் தோன்றவில்லை. மேற்புறத்துப் படலம் சிப்பியே இட்டது. உள்ளிருந்த கரு மட்டுமே மனிதன் வைத்தது. எக்ஸ்ரே கதிரும், முத்தின் துளைக்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கும் கருவியும் அதன்பின்னரே இத்தொழிலுக்கு வந்தன. இலண்டனில் 1925-இல் இதற்கெனவே பரிசோதனைச்சாலை ஒன்று நிறுவப்பட்டது. வழிவழி வந்த பரீட்சகன் கண்ணும் கையும் தோற்ற இடம் இதுவே.

நம் நாட்டிலும் தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. 1973 ஜூலையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி அழகர்சாமி அதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டினார். அவர் பின்னர்த் தலைமை வகித்த மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்களம் ஒன்று, நம் கேளம்பாக்கத்துக்கு அணித்தாய முட்டுக்காட்டில் இருக்கின்றது. இக்காலத்தில் கடைகளுக்கு வரும் முத்துக்களுட் பெரும்பாலானவை சீனத்து நன்னீர்ச் சிப்பிகளில் வளர்க்கப்பட்டவை. வளர்ப்பு முத்து பொய்யன்று. அதனை இயற்கை முத்தென்றும் 'பசரா முத்து' என்றும் பெயரிட்டு விற்றலே பொய்.

செயற்கை மணியும் போலி மணியும்

மணிகளின் செய்தியும் இத்தகையதே. 1902-இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் வெர்னூயி, அலுமினிய ஆக்ஸைடுத் தூளைப் பெருந்தழலில் உருக்கி மாணிக்கத்தைச் செய்யும் முறையை வெளியிட்டார். அம்மாணிக்கம் இயற்கை மாணிக்கத்தோடு பொருளாலும் கடினத்தாலும் ஒன்றே. ஆதலின் அது செயற்கை மணி எனப்படும். சிவப்புக் கண்ணாடியோ மாணிக்கத்தின் பொருளன்று. அது போலி மணி. இவ்விரு சொல்லையும் ஒன்றாகக் கொள்ளுதல் பெருந்தவறு. செயற்கை மணிகளைப் பட்டை தீட்டும் தொழில் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துப் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. அவர் செய்தது நேர்மையான கைத்தொழில். அக்கல்லைச் சுரங்கக்கல்லென்று விற்றவன் செய்ததே வஞ்சனை.

'அமெரிக்கன் டைமண்டு' என வழங்குவது ஸிர்க்கோனியம் ஆக்ஸைடு. அதில் வயிரம் அணுவளவும் இல்லை. ஒரே அளவுள்ள வயிரத்தைவிட அஃது ஒன்றரை மடங்கிற்கு மேல் கனக்கும். இஃதொன்று, ஆய்வகத்தில் விளையும் வயிரம் வேறொன்று. 1954-இல் அமெரிக்காவிலும் செய்யப்பெற்ற அது மெய்யாகவே வயிரம். ஆயின் விலை வேறு. அதனைச் சுரங்க வயிரத்தினின்று பிரித்தறியக் கருவிகள் வேண்டும்; கண் போதாது.

வீட்டிற் செய்யத்தக்கதும் தகாததும்

முத்தைப் பல்லின் விளிம்பில் மெல்ல உரைத்தால், சிப்பியில் விளைந்தது நறநறக்கும். பூச்சிட்ட போலி வழுக்கும். துளையின் வாயைப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், போலியிற் பூச்சு உரிந்து உள்ளிருக்கும் கண்ணாடி புலப்படும். நீண்ட மாலை முழுவதும் உருவும் நிறமும் இம்மியும் மாறாதிருந்தால் ஐயுறுக. இச்சோதனைகள் போலியை விலக்கும். இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் பிரித்துக் காட்டா. அதற்கு எக்ஸ்ரே பரிசோதனையே வழி.

மணிக்குள் உருண்டையான காற்றுக்குமிழி காணப்படின் கண்ணாடியோ வெர்னூயி முறை மணியோ என ஐயுறலாம். வளைந்த கோடுகள் காணப்படின் அம்முறை மணியென்றே கொள்க. கல்லின் பின்புறம் பொன்னால் முழுதும் மூடப்பட்டிருந்தால், அடியிலிட்ட தகடு நிறத்தைக் கூட்டிக் காட்டுகின்றதோ என்று வினவுக. மூடிய கட்டடம் நம் பழைய வேலைப்பாடே. அதுபற்றியே குற்றம் சொல்லலாகாது.

செய்யத்தகாதவையும் உள. முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆயது. எலுமிச்சஞ்சாறும் புளியும் காடியும் அதனை அரித்துவிடும். சோதனை என்று பெயரிட்டுப் பழைய முத்தைப் புளிநீரில் இடுவோர், மெய்ம்முத்தையே கொன்று அது போலியென்று முடிவு கட்டுவர். நெருப்பிற் காட்டுதலும், ஒரு கல்லை மற்றொரு கல்லாற் கீறுதலும் அத்தன்மையனவே.

இன்னுமொன்று. 2021 ஜூன் முதல் நம் நாட்டில் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வரும் ஹால்மார்க் முத்திரை பொன்னின் தூய்மைக்கு மட்டுமே சான்று. அந்நகையிற் பதித்த கல்லைப் பற்றி அது யாதொன்றும் சொல்லாது. கல்லுக்குத் தனிச் சான்றுப்பத்திரம் கேட்டு வாங்குதல் வேண்டும். ஜெய்ப்பூரில் 1972-இல் தொடங்கிய இரத்தினப் பரிசோதனைச்சாலை போன்றவை இவ்வேலைக்கென்றே உள்ளன; சென்னையிலும் பரிசோதிப்பார் உளர்.

வேண்டுகோள்

அன்பர்களே! மேற்கூறியவற்றால் விளங்குவது யாது? கண்ணால் தேறும் பரீட்சை இன்று முற்றும் போதியதன்று. ஆனால் தஞ்சைக் கோயில் அதிகாரிகள் கைக்கொண்ட மற்றொரு பாதி, அதாவது கண்டதை மறையாது எழுதி வைத்தல், இன்றும் நம் கைக்கு எட்டியதே. அதனை நாம் கைவிட்டதனாலேயே இடர்ப்படுகின்றோம். பழைய அட்டிகையை அழித்துப் புதியது செய்யும்போது, பாட்டி காலத்து இயற்கை முத்தை 'வெறும் மணி' என்று தூக்கி எறிவாரும் உண்டு. கண்ணாடிக் கல்லை மாணிக்கமென நம்பிப் பாகப்பிரிவினையில் அதனையே தம் பங்காக ஏற்று, பின்னர் விற்கப்போன இடத்தில் உண்மை தெரிந்து, உடன்பிறந்தாரோடு மனம் முறிந்தாரும் உண்டு. அங்கு ஏமாற்றியவர் எவருமிலர். எழுதி வைத்தவர் இல்லாமையே குறை.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு நகைப்பட்டியல் எழுதி வைத்தல் நலம். அணிகலனின் பெயர், மொத்த எடை, பொன்னின் எடை, கற்களின் எண்ணிக்கை ஆகியவற்றை முதலில் எழுதுக. ஒவ்வொரு கல்லுக்கும் முத்துக்கும் நேரே இயற்கை, வளர்ப்பு, செயற்கை, போலி என்னும் சொற்களுள் ஒன்றை இடுக. அறியாத இடத்தில் 'தெரியாது' என்றே எழுதுக. ஊகத்தினும் அச்சொல் பன்மடங்கு மதிப்புடையது. உடைவு, கீறல், நிறமங்கல் இருப்பின் கூசாது குறிக்க. வாங்கிய சீட்டையும் பரிசோதனைப் பத்திரத்தையும் அதனோடு சேர்த்து வைக்க. பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் நாளில் அப்பட்டியலின் படி ஒன்றையும் அவள் கையிற் கொடுக்க. பொருள் அவளுடையதாயின் அதன் உண்மையும் அவளுடையதே.

போலி மணியை அணிதல் இழிவன்று. கையிற் பணமில்லாதார் கண்ணாடி மணியையும் அழகுற அணியலாம். அதனைக் கண்ணாடி என்றே சொல்லலாம். இராசராசன் கொடுத்த முத்தையே கறடு என்று கல்லில் எழுதிய நாட்டில், நம் வீட்டு அட்டிகையைப் பற்றி உள்ளதை உள்ளவாறு ஓர் ஏட்டில் எழுதிவைக்க நாம் தயங்குவானேன்? வருகின்ற தை மாதத்துத் திருமணங்களுக்கு முன்னரே நம் சகோதரிகளும் தாய்மார்களும் இப்பணியைத் தொடங்குவார்களாக.